பாதிரியார் வீட்டில் பிறந்த துலுகாக்

துலுகாக் ஞானஸ்நானம் வாங்காமல் செத்துப்போனதில் அவர் மனைவி ஊலிபீகாவுக்கு இருந்த வருத்தம், அவர் செத்துப்போனதில் இருந்த வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. சாவு, வடதுருவக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் நுவுக்கில் யாருக்கும் புதிதில்லை. பனிக்கடல் ஒருவரைக் கேட்கும், இருமல் இன்னொருவரைக் கேட்கும். ஆனால் பாதிரியார் வந்தபிறகு தலையில் தண்ணீர் படாமல் கல்லுக்கடியில் போனவர் துலுகாக் ஒருவர்தான்.

கோயிலைப் பிடிக்காத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து முதல் பலகையில் உட்காருவார். பாட்டில் அவர் குரல்தான் எல்லார் குரலுக்கும் மேலே நிற்கும். தாளம் மட்டும் அவருடைய சொந்தத் தாளம். ஆஷ்பி பாதிரியார் ஆர்மோனியத்தை மிதித்துக்கொண்டே அவரைத் துரத்திப் பிடிக்கப் பார்ப்பார், முடியாது. பிரசங்கம் நீண்டால், "தம்பி, நாயெல்லாம் பசியாக் கெடக்கு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே நினைவூட்டுவார். ஞானஸ்நானம் என்று பேச்செடுத்தால் மட்டும் அவருக்கு வெளியே வேலை வந்துவிடும். குளிர்காலத்தில் கேட்டால் இந்தக் குளிரில் தலையை நனைக்கச் சொல்கிறாயே, என்மேல் உனக்கு என்ன கோபம் என்பார். கோடையில் கேட்டால் மான்கள் போய்விடும் என்பார்.

பாதிரியாரைத் தம்பி என்று கூப்பிடும் உரிமை அவருக்கு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். பாதிரியார் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய பிறகு வந்த முதல் வசந்தத்தில், பனியின் விரிசலைத் தாண்டத் தெரியாமல் கடலுக்குள் போய்விட்டார். துலுகாக் கடல்நாயை இழுக்கும் கொக்கியை அவர் சட்டைக் கழுத்தில் மாட்டி, கடல்நாயை இழுப்பது போலவே இழுத்து மேலே போட்டார். அதன்பிறகு பாதிரியார் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் துலுகாக் சபைக்கு முன்னால் சொல்லுவார்: "நீ என்னைத் தண்ணிக்குள்ள எறக்கறதுக்கு முன்னாடியே நான் உன்னைத் தண்ணியிலேர்ந்து ஏத்திட்டேன். நமக்குள்ள சரியாப்போச்சு தம்பி." சபை சிரிக்கும். பாதிரியாரும் சிரித்துவிடுவார். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதது அவருடைய பலவீனம். எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

கடல் உறையத் தொடங்கிய நாட்களில் துலுகாக்குக்கு நெஞ்சில் சளி கட்டியது. பாதிரியார் அப்போது வடக்கே உள்ள குடியிருப்புகளைப் பார்க்கச் சறுக்குவண்டியில் போயிருந்தார். திரும்பி வந்தபோது துலுகாக்கைத் தோலில் சுற்றி வைத்திருந்தோம். எங்கள் பக்கம் மண் கிடையாது. பாறைமேல் படுக்கவைத்து மேலே கல் அடுக்குவோம். பாதிரியாரின் ஜெபப் புத்தகத்திலோ, ஞானஸ்நானம் வாங்காதவருக்கு அடக்க ஆராதனை வாசிக்கக் கூடாது என்று போட்டிருக்கிறது. அவர் புத்தகத்தை மூடியபடியே கையில் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, கடைசிக் கல் ஏறும்வரை காற்றில் நின்றார். இரண்டு காதும் வெளுத்துவிட்டன. அழுதுகொண்டிருந்த ஊலிபீகாதான் எழுந்துபோய், தன் உள்ளங்கைகளால் அந்தக் காதுகளைப் பொத்திப் பிடித்துச் சூடேற்றினாள்.

நான் அப்போது ஊலிபீகாவின் அடுத்த வீடு. இரண்டு பனிவீட்டுக்கும் வாசல் சுரங்கம் ஒன்றே. அவள் பெருமூச்சு விட்டால் என் வீட்டு விளக்குத் திரி ஆடும். அந்தக் குளிர்காலம் முழுக்க அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவளைச் சமாதானப்படுத்த வந்த உபதேசியார் லூகாசி, தண்ணீர் வாங்கியவர்கள் ஒரு வழி, வாங்காதவர்கள் வேறு வழி என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஊலிபீகா பாதிரியாரிடம் போய்க் கேட்டாள். அதைக் கடவுளின் இரக்கத்திடம் விட்டுவிட வேண்டும் என்றார் அவர்.

"இரக்கம் நல்லதுதான்" என்றாள் என்னிடம், தோலைச் சுரண்டிக்கொண்டே. "ஆனா அவரு கூடாரம் எந்தப் பக்கம் போட்டிருக்குன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்களே. நான் இந்தப் பக்கம் போய், அந்த மனுசன் அந்தப் பக்கம் இருந்தா, அவருக்கு பூட்ஸ் யாரு தைப்பா?"

லூகாசி கெட்டவர் இல்லை. ஆனால் துலுகாக் விஷயத்தில் அவருக்கு நியாயம் பேச வராது. ஒருமுறை லூகாசி பனிமேல் தூங்கும் கடல்நாய் என்று நினைத்து, வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து அரைநாள் போய், கடைசியில் ஒரு கறுத்த பாறையை ஈட்டியால் குத்திவிட்டார். துலுகாக் அதைப் பாட்டாகக் கட்டினார். பாறை லூகாசியைப் பார்த்து, "வந்ததுதான் வந்தே, கொஞ்சம் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று சொல்வதாக அதில் ஒரு அடி வரும். அடுத்த குடாவில்கூடக் குழந்தைகள் அதைப் பாடின.

கடல்நாய்கள் பனிமேல் குட்டி போடும் மாதத்தில் பாதிரியாரின் மனைவி மார்ஜரி அம்மாவுக்கு வலி கண்டது. டாக்டரோடு கப்பல் வர இன்னும் ஒரு கோடை பாக்கி. நுவுக்கில் பிள்ளை வாங்கும் கை ஊலிபீகாவின் கைதான். அவள் என்னையும் கூட்டிக்கொண்டு மிஷன் வீட்டுக்குப் போனாள். எனக்கு விளக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பாதிரியார் அடுத்த அறையில் முழங்காலில் நின்றார்.

காலையில் தொடங்கியது, மறுநாள் வெயில் ஏறியும் முடியவில்லை. எங்கள் வழக்கத்தில், பிள்ளை வரத் தயங்கினால் அது தன் பெயருக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். எந்தப் பெயர் வேண்டுமோ அதைக் கேட்டதும் வந்துவிடும். அந்தப் பெயருக்கு உரியவரும் அதோடு திரும்பி வந்துவிடுவார். ஊலிபீகா கூப்பிட்டாள். தன் அம்மாவின் பெயர், மூழ்கிப்போன அண்ணனின் பெயர், என் தங்கையின் பெயர் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போனாள். துலுகாக்கின் பெயரை மட்டும் சொல்லவில்லை. நான் ஜாடை காட்டியதற்கு, தன் புருஷனைத் தானே பாதிரியார் வீட்டுக்குள் தள்ளிவிட்டதாக ஊர் சொல்லும் என்று காதில் சொன்னாள்.

மார்ஜரி அம்மா நான்கு வருடமாக எங்களோடு தோல் தைத்தவர். எங்கள் பேச்சும் வழக்கமும் அவருக்குத் தெரியும். வியர்வையில் நனைந்து கிடந்தவர் ஊலிபீகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரையும் கூப்பிடறே, அவரை ஏன் கூப்பிட மாட்டேங்கறே?" என்றார். பிறகு வீடே கேட்கும்படி, "துலுகாக்!" என்று அவரே கத்தினார்.

பிள்ளை வந்துவிட்டது. ஆண் பிள்ளை. வந்த வேகத்தில் ஊலிபீகா பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பாதிரியார் உள்ளே ஓடிவந்து, தன் ஜெபம் கேட்கப்பட்டது என்று கண்ணீர் விட்டார். கேட்கப்பட்டது உண்மைதான் என்று நாங்களும் சொன்னோம். ஜெபத்தில் இருந்தவருக்குக் கத்தல்தான் கேட்டது, அதில் இருந்த பெயர் பிடிபடவில்லை. மார்ஜரி அம்மா களைத்துத் தூங்கிவிட்டார். வாசலில் ஊலிபீகா என் கையைப் பிடித்து, அந்தப் பெயரை அம்மா கூப்பிட்டது நம் இருவரோடும் இருக்கட்டும் என்றாள். பாதிரியாரின் மனைவி வெளியூர்க்காரி, புருஷனிடம் திட்டு வாங்கினால் ஓடிப்போக அவளுக்கு அம்மா வீடுகூட இங்கே இல்லையே என்றாள்.

பெயரை மறைக்க முடியுமா? அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது, ஊலிபீகாதான் கூப்பிட்டாள் என்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டது. அவளும் மறுக்கவில்லை. துலுகாக்கின் மகன் ஜேபிட்டி அப்போதுதான் அடித்த கடல்நாயின் ஈரலை ஆவி பறக்கக் கொண்டுவந்து, தொட்டிலுக்கு முன்னால் வைத்துவிட்டு, "அப்பா, மொதத் துண்டு" என்றான். பிறகு தலைநாய் நொண்டுகிறது, அதன் மகளை முன்னால் கட்டலாமா என்று விசாரித்தான். குழந்தை ஒரு ஏப்பம் விட்டது. ஜேபிட்டி தலையாட்டிவிட்டுப் போய் நாயை மாற்றிக் கட்டினான்.

ஊலிபீகா தினமும் வந்தாள். குழந்தையை உடுப்பில்லாமல் தன் அமாவுத்தியின் முதுகுப் பைக்குள், தன் முதுகுத் தோலோடு ஒட்டப் போட்டுக்கொள்வாள். பெண்கள் பிள்ளை சுமக்கும் அந்தச் சட்டைக்குள் போனதும் குழந்தை வாய்மூடித் தூங்கும். நடந்துகொண்டே அவள் பழைய பாக்கிகளைப் பேசுவாள். "என் பிறைக்கத்தியக் கடல்ல போட்டுட்டு, காக்கா தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே, அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்பாள். துலுகாக்கின் பழைய வேட்டைக் கூட்டாளிகள் வாசலில் வந்து நின்று, ஆளைப் பார்த்துவிட்டு, இப்போது முடி அதிகம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்கள்.

பாதிரியாருக்கு முதலில் எல்லாம் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு அன்பா என்று நெகிழ்ந்தார். ஒரு நாள் ஊலிபீகா அவரிடம் தேநீர்க் கோப்பையை நீட்டி, "மாமா, சூடா இருக்கு" என்றாள். அவளுக்கு அவரைவிட இருபது வயதாவது கூடும். அதே நேரம் உள்ளே வந்த ஜேபிட்டி, "தாத்தா, கதவைச் சாத்தட்டுமா?" என்றான்.

பாதிரியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்ன மாமா, என்ன தாத்தா என்று கேட்டார். பக்கத்தில் இருந்த லூகாசிதான், நல்ல வேளை கிடைத்ததென்று, எல்லாவற்றையும் விளக்கினார். பிள்ளையின் பெயர் துலுகாக். ஆகவே பாதிரியார் துலுகாக்குக்கு அப்பா. ஊலிபீகாவுக்கு மாமனார். ஞானஸ்நானம் வாங்காத ஒரு மனிதன் மிஷன் வீட்டுத் தொட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறான், இது சபைக்கு அழகா என்று முடித்தார்.

பாதிரியாரின் காது சிவந்தது. கோபப்படத் தெரியாதவர் கோபப்பட்டால் பார்க்கப் பாவமாக இருக்கும். போனவர்கள் திரும்பி வருவதில்லை, ஒவ்வொரு குழந்தையும் கடவுளின் புதிய படைப்பு, இதை நான் இத்தனை வருடமாகச் சொல்லியும் நீ என் பிள்ளைக்கே இப்படிச் செய்யலாமா என்று ஊலிபீகாவைக் கேட்டார். பிள்ளையின் பெயர் ஆர்தர், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று ஞானஸ்நானம், ஆர்தர் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது என்றார்.

ஊலிபீகா தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். குழந்தையை முதுகிலிருந்து எடுத்துத் தொட்டிலில் வைத்தாள். "சரிங்க பாதிரியாரே" என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். கூப்பிட்டது யார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் பூட்ஸ் தைத்துக்கொண்டே, ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு மனத்தாங்கல் வருவதைவிட வெளியே ஒருத்திக்கு வருவது மேல் என்றாள். அதன்பிறகு அவள் மிஷன் வீட்டுப் பக்கம் போகவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. ஆர்தர் என்பவர் யாரோ, அடுத்த வீட்டு ஆண்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொள்ள நான் யார் என்றாள்.

ஆர்தர் அழத் தொடங்கினான்.

பிறந்த குழந்தைகள் அழும். ஆனால் இது அந்த அழுகை இல்லை. மிஷன் வீட்டில் தொடங்கினால் கடலோரத்து நாய்கள் சேர்ந்து ஊளையிட்டன. மார்ஜரி அம்மாவின் கண்ணுக்கடியில் கறுத்துப்போனது. பாதிரியார் ஆர்மோனியம் வாசித்துப் பார்த்தார். வெந்நீரில் சோம்பு போட்டுக் கொடுத்தார். லூகாசி வந்து குழந்தையைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபித்தார். ஆமென் சொல்வதற்குள் குழந்தை அவர் புதுச் சட்டையின் முன்பக்கம் முழுவதையும் நனைத்துவிட்டது. ஊர் இதற்கு வேறு விளக்கம் தேடவில்லை. துலுகாக்கேதான், ஆள் கொஞ்சமும் மாறவில்லை என்றார்கள்.

பனி இளகிக்கொண்டிருந்தது. பனிவீட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக உட்கார்ந்துபோக, மேலே தோலை விரித்துக் கட்டி ஒப்பேற்றினோம். வெளியே உட்கார்ந்து தோல் காயப்போடும் காலம். அப்படி நாங்கள் பெண்கள் எல்லாரும் வெயிலில் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், மிஷன் வீட்டுக் கதவு திறந்தது. பாதிரியார் வெளியே வந்தார். அவர் போட்டிருந்தது மார்ஜரி அம்மாவின் அமாவுத்தி.

அவர் நெட்டையான மனிதர். சட்டையின் பின்வால் பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும், அவருக்கு இடுப்பைத் தாண்டியதும் நின்றுவிட்டது. கைகள் முழங்கைக்குமேல் ஏறியிருந்தன. முதுகுப் பையில் ஆர்தர் அலறிக்கொண்டிருந்தான். பிள்ளை விழாதபடி இடுப்பில் கட்டும் வாரை அவர் கழுத்தில் கட்டியிருந்தார். நாங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்துவைத்து, இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தார். கோயிலைச் சுற்றினார், கொடிமரத்தைச் சுற்றினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு மனிதன் கஷ்டத்தில் இருக்கும்போது அவனைப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. எல்லாரும் தோலைப் பார்த்தோம். என் பக்கத்திலிருந்தவள் தோலின் ஓரத்தை வாயில் திணித்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. ஆண்கள் சறுக்குவண்டிகளைக் கவிழ்த்துப்போட்டு, பழுதில்லாத அடிக்கட்டைகளைக் கவனமாக ஆராய்ந்தார்கள்.

ஊலிபீகாதான் தாங்க முடியாமல் எழுந்து போனாள். ஒன்றும் பேசாமல் அவர் கழுத்திலிருந்த வாரை அவிழ்த்து இடுப்பில் கட்டிவிட்டாள். "கழுத்துல கட்டினா பிள்ளை நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

அவர் உள்ளே போனார். அங்கே நடந்ததை மார்ஜரி அம்மா பிறகு என்னிடம் சொன்னார். வார் சரியாகக் கட்டியிருப்பதைப் பார்த்ததும், கட்டியது யார் என்று கேட்டிருக்கிறார். ஊலிபீகா என்று தெரிந்ததும் படுக்கையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அந்தப் பெயரைக் கூப்பிட்டது நான், அவள் இல்லை, இத்தனை நாளும் அவள் சொல்லியிருப்பாள், உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்தேன் என்றிருக்கிறார்.

பாதிரியார் அமாவுத்தியைக் கழற்றவும் தோன்றாமல் அப்படியே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். சுரங்கத்துக்குள் குனிந்து நுழையும்போது குழந்தை தலைக்குமேல் சரிந்தது, நான் பிடித்துக்கொண்டேன். ஊலிபீகா கொழுப்பு விளக்கின்மேல் கறி வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதில் ஒரு கடி கடித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டே, தான் அவளுக்கு அநியாயம் செய்துவிட்டதாகச் சொன்னார். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டார்.

"மாமியார் மேல மருமக மாமனார்கிட்ட கோள் சொல்லலாமா?" என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப்போய்க் கறி புரையேறியது. நான் முதுகில் தட்ட முடியவில்லை, முதுகில் பிள்ளை இருந்தது.

அவள் குழந்தையை எடுத்துத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அழுகை விக்கலாகி நின்றது. நீண்ட நாளுக்குப் பிறகு வந்த அமைதியில் பானை கொதிப்பது கேட்டது.

"ஊலிபீகா" என்றார் பாதிரியார், "நான் பொய் சொல்ல முடியாது. இந்தப் பிள்ளைக்கு ஊத்தற தண்ணி இந்தப் பிள்ளைக்குத்தான். துலுகாக் அண்ணன் கடவுள் கையில இருக்காரு. அவருக்கு நான் இப்ப ஞானஸ்நானம் குடுக்க முடியாது."

"நான் கேக்கலையே" என்றாள் அவள். "இது யாரு வயித்துல பொறந்ததுன்னு எனக்குத் தெரியாதா? வாங்கின கை என் கை." பிறகு, "இந்த ஆர்தருங்கறது யாரு?" என்று கேட்டாள்.

"என் அப்பா."

"இருக்காரா?"

"இல்ல. நான் இங்க வந்த ரெண்டாவது வருசம் போயிட்டாரு. அடுத்த கப்பல் வந்தப்பத்தான் எனக்கே தெரியும்."

"அப்ப நீங்க அவருக்குக் கல்லு வெச்சதைக்கூடப் பாக்கல."

"இல்ல."

அவள் விளக்குத் திரியை நிமிர்த்திவிட்டாள். "அப்பாவப் பாக்கணும்னு இருந்திருக்கு, அவரு பேரை வெச்சிருக்கீங்க. அதுல என்ன தப்பு? எனக்கும் அவ்வளவுதான் மாமா. அன்னிக்குக் கல்லு வைக்கையில புத்தகத்தைத் தொறக்காமலே நின்னீங்க. காது வெளுத்துப்போற வரைக்கும் நின்னீங்க, அதை நான் மறக்கல. அந்தப் புத்தகத்தைத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒரே ஒரு தடவை அவரு பேரைச் சொல்லணும். கடவுள் காதுல விழட்டும். மீதியை அவரு பாத்துக்குவாரு. ஆளு கடவுள் கையில இருக்கட்டும், பேரு நம்ம கையில இருக்கட்டுமே."

பாதிரியார் கறித் துண்டைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கண் கலங்கியது கறியின் ஆவியால் இல்லை. பெரிய பதில்கள் அவருக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவர் அதில் எதையும் எடுக்கவில்லை. "ஞானத்தாயா நீயே நில்லு" என்றார். "பேரையும் நீயே சொல்லு. ஆர்தர் துலுகாக்."

"மூத்தவரு முன்னால வரட்டும், அதான் மொறை" என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

ஆண் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் இருவர் வேண்டும். ஒருவன் ஜேபிட்டி. தன் அப்பாவுக்கே ஞானத்தகப்பனா என்று ஊர் கேட்டதற்கு, அவர் எனக்கு நாய் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், நான் அவருக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றான். இன்னொருவருக்குப் பாதிரியார் லூகாசியைக் கேட்டார். லூகாசி ஒரு நாள் முழுக்க யோசித்தார். சபை ஒழுங்கு என்றார், வழக்கம் என்றார். கடைசியில், என்மேல் பாட்டுக் கட்டியவன் எனக்கு ஞானப்பிள்ளையாக வந்து முழங்காலில் நிற்பதென்றால் அதைக் கடவுளின் நீதி என்றுதான் சொல்ல வேண்டும் என்று சம்மதித்தார். அன்று சாயங்காலமே குழந்தைக்குப் போர்த்த வெள்ளை நரித்தோல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் போய்விட்டார்.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பக்கத்துக் குடாக்களிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. பனிமேல் தேங்கிய தண்ணீரில் நாய்கள் நீந்தாத குறையாக இழுத்துவந்தன. துலுகாக் ஞானஸ்நானம் வாங்குகிறாராம் என்ற செய்தி அப்படிப் பரவியிருந்தது. பாதிரியார் பிரசங்கத்தில் பொறுமையாக மறுத்தார். இது புதிய பிள்ளை, புதிய ஆத்துமா என்றார். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பின்பலகையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், எப்படியோ கடைசியில் பிடித்துவிட்டார் என்று சொன்னது எனக்கே கேட்டது.

ஊலிபீகா குழந்தையோடு தண்ணீர்ப் பாத்திரத்தின் அருகே நின்றாள். கேள்விகளைப் பிள்ளையிடம்தான் கேட்பது முறை, பிள்ளைக்குப் பதிலாக ஞானப்பெற்றோர் பதில் சொல்ல வேண்டும். பாதிரியார் புத்தகத்தைத் திறந்தார். பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுத்துவிடுகிறாயா என்று வாசித்தார். லூகாசி உரக்கவும், ஜேபிட்டி மெதுவாகவும், ஊலிபீகா சட்டென்றும் வெறுத்துவிடுகிறேன் என்றார்கள். விசுவாசிக்கிறாயா என்றதற்கும் அப்படியே.

"இந்த விசுவாசத்தில் ஞானஸ்நானம் பெற மனதாயிருக்கிறாயா?"

லூகாசி சொன்னார். ஜேபிட்டி சொன்னான். ஊலிபீகா சொல்லவில்லை. அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து லூகாசி மெதுவாக எடுத்துக்கொடுத்தார். அவள் அவரைக் கையமர்த்தினாள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "யோசிக்கறாரு."

பாதிரியார் புத்தகத்தில் விரலை வைத்தபடி நின்றார். அவசரப்படுத்தவில்லை. எத்தனையோ வருடம் கேட்டும் பதில் வராத கேள்வி, இன்னும் கொஞ்சம் காத்திருப்பதில் என்ன போய்விட்டது என்பது போல நின்றார். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. குழந்தை கண்ணைத் திறந்து பாதிரியாரைப் பார்த்தது, பிறகு ஊலிபீகாவைப் பார்த்தது, பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டது.

"சரிங்கறாரு" என்றாள் ஊலிபீகா.

பாதிரியார் பெயரைக் கேட்டார். அவள் கோயிலின் கடைசிப் பலகைவரை கேட்கும்படி, "ஆர்தர் துலுகாக்" என்றாள். அவர் அதைத் திருப்பிச் சொன்னார். முதல் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, இரண்டாவது பெயரில் சரியானது. மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். குழந்தை வீறிட்டது. சபை, நியாயமான கோபம்தான் என்பது போல, திருப்தியாக அசைந்து உட்கார்ந்தது.

பாட்டுத் தொடங்கியது. எல்லாரும் எழுந்தார்கள். ஊலிபீகா மட்டும் பலகையில் உட்கார்ந்து, ஈரத் தலையைத் தன் சட்டை ஓரத்தால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு, அவள் மடியில் இருந்தவரிடம் பேசியது கேட்டது.

"இனி எப்பப் போனாலும் ரெண்டு பேருக்கும் ஒரே எடம்தான்" என்றாள். "அவசரம் ஒண்ணுமில்ல. மொதல்ல பல்லு மொளைக்கட்டும்."